'தத்துவம்' வேண்டாம், முதுமொழி

நாட்காட்டித் தாள், ஆட்டோவின் முதுகு, பள்ளிக் கரும்பலகை என்று சேலத்தில் எங்கே திரும்பினாலும் ஓர் அறிவுரை வரி. அதன் தலையில் 'இன்றைய தத்துவம்'. பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

தத்துவம் வடசொல். 'தத்' அது, 'துவம்' தன்மை. சைவ சித்தாந்தம் உலகின் அடிப்படைக் கூறுகளைத் தத்துவங்கள் 36 என்று எண்ணும். நிலமும் நீரும் அவற்றில் உண்டு. 'நேரம் போனால் வராது' என்பது அந்த 36இல் எது?

'அப்படியானால் பொன்மொழி என்று போடுவோமே' என்பார்கள் தமிழ் ஆர்வலர்கள். எனக்கு அதுவும் உடன்பாடில்லை. பொன் என்பது மதிப்பீடு. வரியைப் படிக்கும் முன்பே 'இது உயர்ந்தது, வாயை மூடிக்கொள்' என்கிறது. எங்கள் ஊர் செவ்வாய்ப்பேட்டை நகைப் பட்டறைக்காரர் உரைகல்லில் உரைத்துப் பார்க்காமல் எதையும் பொன் என்று வாங்குவாரா? மேலும் பொன்மொழிக்கு ஒரு பெரிய மனிதரின் பெயர் வேண்டும். பெயர் கிடைக்காவிட்டால் புத்தர் தலையிலோ விவேகானந்தர் தலையிலோ கட்டிவிடுகிறார்கள். அவர்கள் வந்து மறுக்கப் போவதில்லை என்ற துணிச்சல்.

முதுமொழிக்குப் பெயரும் வேண்டாம், முலாமும் வேண்டாம். முது என்றால் முதிர்ந்தது. பலர் வாழ்ந்து பார்த்ததில் விளைந்த சொல். தொல்காப்பியம் செய்யுளியலில் இதற்கு இலக்கணமே உண்டு: நுண்மை, சுருக்கம், ஒளியுடைமை, மென்மை, அதற்கு மேல், குறித்த பொருளை முடிக்க வரும் 'ஏது நுதலிய' மொழி. ஏது என்றால் காரணம். காரணம் காட்டும் சொல்லோடு வாதாடலாம். அகநானூறு 101இல் ஒருத்தி வாதாடவே செய்கிறாள்: நன்மை செய்தவருக்குத் தீமை இல்லை என்னும் 'தொன்றுபடு பழமொழி' இன்று பொய்த்துவிட்டதோ என்று கேட்கிறாள். பொன்மொழியைப் பார்த்து அப்படிக் கேட்ட யாரையும் நான் கண்டதில்லை.

பழமொழி என்றாலும் எனக்குச் சம்மதமே. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் சொலவடை என்பார்கள், அதுவும் நல்ல சொல். மூதுரை என்ற பெயரிலேயே ஔவை 30 வெண்பாக்களைத் தந்திருக்கிறார். இத்தனை சொற்கள் வீட்டில் இருக்க, பலருக்கும் கை தத்துவத்துக்கே போகிறது. திரைப்பாட்டில் சோகம் வந்தால் 'தத்துவப் பாடல்', தேநீர்க் கடையில் ஒருவர் பெருமூச்சு விட்டால் 'தத்துவம் பேசுகிறார்'.

சொன்னவர் யாரென்று உறுதியாகத் தெரிந்தால் 'மேற்கோள்' என்று போடுங்கள். ஆளும் தெரியாது, ஏதுவும் இல்லை என்றால் 'வாசகம்' போதும்.