கிடாவின் தோல் சொன்ன கணக்கு

புற்றுநோய்க்குக் ‘கரண்ட் வைக்க’, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை பெற, வருபவர்கள் பலரும், ஐந்தாறு வாரம் அலையவிடாமல் மொத்தத்தையும் ஒரே நாளில் வைத்துவிடக் கூடாதா என்று கேட்பதுண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே கருத்து மருத்துவர்களிடமும் வலுவாக இருந்தது. குறிப்பாக ஜெர்மனியின் எர்லாங்கன் நகர மருத்துவர்கள், கதிரைச் சிறுகச் சிறுகக் கொடுத்தால் கட்டி தேறிக்கொள்ளும் என்று கருதி, ஒரே பெரிய அளவை ஆதரித்தனர்.

இத்தனைக்கும் அதற்கு முன்பே சிகிச்சை தவணை முறையில்தான் தொடங்கியிருந்தது. 1896இல் வியன்னாவில் லியோபோல்ட் ஃபிராய்ண்ட், முதுகில் முடி அடர்ந்த மச்சம் கொண்ட ஐந்து வயதுச் சிறுமிக்கு எக்ஸ் கதிரை நாள்தோறும் இரண்டு மணி நேரம் செலுத்தினார். முடி உதிர்ந்தது, ஆனால் முதுகில் புண்ணும் வந்தது, ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்குப் பின்னும் அதன் தழும்பு மறையவில்லை. அவர் பல நாள்களாகப் பிரித்ததற்கு அக்கால எக்ஸ் கதிர்க் குழாய்களின் பலவீனம் ஒரு காரணம். கொள்கை ஏதும் அப்போது இல்லை.

கொள்கைக்கு வழிவகுத்தவர் பாரிஸ் ரேடியம் நிறுவனத்தின் குளோத் ரெகோ. 1920களில் அவரது குழுவினர் செம்மறிக் கிடாக்களின் விதைகளைக் கதிரால் மலடாக்க முயன்றபோது, ஒரே தடவையில் அதைச் சாதிக்கத் தேவைப்பட்ட அளவு விதைப்பையின் தோலைக் கடுமையாகப் புண்ணாக்கியது. பல நாள்களாகப் பிரித்துக் கொடுத்தபோதோ, தோல் பெரிதாகக் கெடாமலேயே விந்தணு உற்பத்தி நின்றது. ஓயாமல் பிரியும் விந்தணுத் தாய்ச்செல்களைக் கட்டிக்கும், மேலே இருக்கும் தோலை நலமான திசுவுக்கும் ரெகோ ஒப்பிட்டார். உண்மையில் விதையும் நலமான உறுப்புதான், அதிலும் தவணைக் கதிருக்கு விசித்திரமாக நடந்துகொள்ளும் உறுப்பு. ஆட்டம் காணும் ஒப்புமையிலிருந்து சரியான முடிவு பிறந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. அம்முறையை மனிதர்களிடம் கொண்டுசென்ற ஆன்ரி குட்டார், முற்றிய குரல்வளைப் புற்று ஆறு பேரிடம் பெரிய சேதமின்றிக் குணமானதை 1922இல் பாரிஸ் மாநாட்டில் முன்வைத்தார்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கான செல் அளவிலான சான்று 1959இல்தான் வந்தது. எல்கைண்ட், சட்டன் என்ற ஆய்வாளர்கள் வெள்ளெலிச் செல்களுக்கு ஒரே அளவுக் கதிரை இரண்டாகப் பிரித்துச் சில மணி நேர இடைவெளியில் கொடுத்தபோது, ஒரேயடியாகக் கொடுத்ததைவிட அதிகச் செல்கள் பிழைத்தன. இடைவெளியில் அவை காயத்தின் ஒரு பகுதியைச் சரிசெய்துகொண்டிருந்தன.

எனினும் எவ்வளவு கதிர் கொடுக்கலாம் என்பதற்குத் தோலின் சிவப்பை மருத்துவர்கள் அளவுகோலாகக் கொண்டதில் ஒரு பொறி இருந்தது. வேகமாகப் பிரியும் தோல் செல்களின் சேதம் சில வாரங்களில் கண்ணுக்குத் தெரியும். மெதுவாகப் பிரியும் இணைப்புத் திசுவிலோ, பிரியாத செல்கள் நிறைந்த தண்டுவடத்திலோ அது வெளிப்பட மாதங்கள், ஆண்டுகள்கூட ஆகும். இந்தப் பிந்திய சேதம் ஒவ்வொரு தவணையின் பருமனைத்தான் அதிகம் பொறுத்தது என்பதால், தவணைகளைக் குறைத்து ஒவ்வொன்றையும் பெரிதாக்கியபோது, தோல் வழக்கம்போலவே சிவந்து ஆறிய நோயாளிகளுக்கும் பிற்பாடு திசு இறுகிப்போனது. வழக்கமான நாள் தவணை 2 கிரே (உடல் ஏற்கும் கதிரை அளக்கும் அலகு) அளவில் நிலைபெற்றதில் இதற்குப் பங்குண்டு. கட்டியை மட்டும் துல்லியமாகக் குறிவைத்து, சுற்றியுள்ள திசுவைக் கதிரின் பாதையிலிருந்து பெரும்பாலும் விலக்க முடிகிற இடங்களில் பெரிய தவணைகள் மீண்டும் வந்திருக்கின்றன.