பிள்ளை பார்ப்பது உங்கள் டிவியைத்தான்

வீட்டு டிவியில் எந்நேரம் எது ஓடியது, அன்றிரவு பிள்ளை எப்படித் தூங்கியது என்று ஒரு வாரம் நோட்டில் குறித்து வரச் சொல்வது டாக்டரான என் வழக்கம். அலுக்காமல் எழுதிய அம்மா அப்பாக்களுக்கும், விட்டதை ஞாபகப்படுத்திய பாட்டிகளுக்கும் முதலில் நன்றி. பிள்ளையின் தொல்லைக்குக் காரணம் டிவியில் பார்த்த வன்முறைதான் என்று காட்டி, அந்த நோட்டுகள் பல பிள்ளைகளை வீண் ஸ்கேனிலிருந்து காப்பாற்றியிருக்கின்றன.

இந்த வாரமும் அதே கதை. ஏழு வயதுப் பையன், படுக்கையில் சிறுநீர் போகும் பழக்கம் நின்றுபோயிருந்தது, மறுபடி திரும்பிவிட்டது. “சண்டைப் படமே பார்க்க மாட்டான் டாக்டர், கார்ட்டூன்தான்” என்றார் அம்மா. நோட்டைப் பிரித்தால் தினமும் ராத்திரிச் சாப்பாட்டோடு செய்தி. நடுரோட்டில் ஒருவரை வெட்டும் சிசிடிவி காட்சி, சிவப்பு வட்டம் போட்டு, மெதுவாக ஓடவிட்டு. பையனிடம் கேட்டேன். “நிறைய பேரை வெட்டிட்டாங்க” என்றான். ஒரே காட்சி திரும்பத் திரும்ப வருகிறது என்பது அவனுக்குத் தெரியவில்லை.

“பிள்ளை யாரையும் அடிக்கலையே, அப்புறம் என்ன?” பெற்றோரின் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஓய்ந்துவிட்டேன். பார்த்ததைச் செய்து பார்ப்பது மட்டும் பாதிப்பு இல்லை ஐயா! பயமும் பாதிப்புதான். அடுத்தவர் அடிபடுவதைப் பார்த்தும் மனசு பதறாமல் போவதும் பாதிப்புதான். பயம் பயமென்று சொல்லிக்கொண்டு வராது. வயிற்றுவலி என்று வரும், “பாத்ரூமுக்குத் துணைக்கு வா” என்று வரும். கார்ட்டூனும் சாது இல்லை. பாறை விழுந்து நசுங்கியவன் மறுநொடி எழுந்து ஓடினால், அடித்தால் வலிக்காது என்றுதானே நாலு வயதுக்குப் புரியும்?

அமெரிக்காவில் 1990களின் நடுவில் நான்கு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்திய தேசிய டிவி வன்முறை ஆய்வில், சுமார் 60 சதவீத நிகழ்ச்சிகளில் வன்முறை இருந்தது. அந்தக் காட்சிகளில் பெரும்பாலானவற்றில் அடித்தவனுக்குத் தண்டனையே இல்லை. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது கேபிள் டிவி நிறுவனங்களின் சங்கம்தான். தன் சரக்கைத் தானே சோதிக்கக் காசு கொடுத்த அந்த மனசுக்கும் ஒரு நன்றி. நம்மூர்ச் சேனல்களுக்கும் வந்தால் நல்லது.

சரி, செய்ய வேண்டியது. செய்தியைப் பிள்ளை தூங்கியபின் பாருங்கள். சாப்பிடும்போது டிவியை அணையுங்கள். 2 வயதுவரை திரையே வேண்டாம், 5 வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே சொல்கிறது. எதையாவது பார்த்து மிரண்டிருந்தால், என்ன பார்த்தான் என்று அவன் வாயாலேயே சொல்லவிடுங்கள். “ஆம்பளப் பையன் இதுக்குப் போய் பயப்படலாமா” என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

பாட்டிகளே, சீரியல் பார்க்க வேண்டாமென்று நான் சொல்லவில்லை. பாலில் விஷம் கலக்கும் நேரத்தில் பேரன் உங்கள் மடியில் இருக்க வேண்டாம், அவ்வளவுதான்.