கேரியோடைப் நார்மல் என்றால் முடிந்துவிட்டதா?

மூன்று வயதுப் பையன். இன்னும் பேச்சு வரவில்லை, முகம் பார்த்துச் சிரிப்பது குறைவு, சந்தோஷம் வந்தால் கைகளை உதறுகிறான். கேரியோடைப் (குரோமோசோம்களின் எண்ணிக்கையையும் வடிவத்தையும் பார்க்கும் சோதனை) எடுத்தாயிற்று, நார்மல். மைக்ரோஅரே (குரோமோசோமில் துண்டு குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா என்று பார்ப்பது), எக்ஸோம் (மரபணுக்களில் புரதத்துக்கான எழுத்துகளைப் படிப்பது) இரண்டும் நார்மல். "மரபணுவில் கோளாறு இல்லை" என்று ஃபைலை மூடிவிடுகிறார்கள். பரம்பரையாக வரும் அறிவுசார் குறைபாட்டில் அதிகம் காணப்படுவது ஃப்ரஜைல் எக்ஸ் ('ஒடியும் எக்ஸ்'). அது இந்த மூன்று பரிசோதனைகளிலும் பெரும்பாலும் சிக்குவதில்லை.

காரணம் எளிது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள எஃப்எம்ஆர்1 மரபணுவின் தொடக்கத்தில் சிஜிஜி என்ற மூன்றெழுத்து அடுத்தடுத்து வரும். பலருக்கும் 30 தடவை போல இருக்கும். அது 200ஐத் தாண்டினால் செல் அந்த இடத்தில் மெத்தில் என்ற சிறு வேதிக் குறிகளை ஒட்டி மரபணுவையே பூட்டிவிடுகிறது. புரதத்துக்கான எழுத்துகளில் பிழையே இருக்காது. வழக்கமான எக்ஸோம் பரிசோதனை டிஎன்ஏவைச் சிறு துண்டுகளாகப் படிப்பதால் இவ்வளவு நீளமான அடுக்கை அதனால் எண்ண முடியாது. கருவின் முதல் வாரங்களில் இந்த மரபணு திறந்தே இருக்கிறது. மூன்றாம் மாத வாக்கில், மூளை உருவாகிக்கொண்டிருக்கும்போதுதான் பூட்டு விழுகிறது.

இந்த மரபணு தயாரிக்கும் புரதத்தின் வேலை பிரேக் போடுவது. நரம்பணுக்கள் சந்திக்கும் இடங்களில் மற்றப் புரதங்கள் தேவைக்கு மேல் தயாராகாமல் அது பிடித்துவைக்கும். பிரேக் போனால் உற்பத்தி கட்டுமீறும். நரம்பணுக் கிளைகளில் உள்ள முட்கள் குட்டையாகக் குடை விரித்து முதிராமல், நீண்டு மெலிந்து நிற்பது மைக்ரோஸ்கோப்பில் தெரியும்.

சிஜிஜி எண்ணிக்கை 55 முதல் 200 வரை இருப்பவர்கள் 'ப்ரீமியூட்டேஷன்' வகை. இவர்களுக்கு அறிவுத்திறன் பெரும்பாலும் பாதிக்கப்படாது, மரபணுவும் பூட்டப்படாது. ஆனால் தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது எண்ணிக்கை ஏறும்; 100ஐத் தாண்டியிருந்தால் அநேகமாக 200ஐக் கடந்துவிடும். தகப்பனிடமிருந்து எல்லா மகள்களுக்கும் போகும், மகன்களுக்குப் போகாது.

அதனால் குடும்ப வரலாறு கேட்கும்போது "சொந்தத்தில் கல்யாணமா?" என்பதோடு நிறுத்தினால் போதாது. இது எக்ஸ் வழியாக வருவது, அந்நியத்தில் கட்டியவர்களுக்கும் வரும். தாய்வழித் தாத்தாவுக்கு 60 வயதுக்கு மேல் கை நடுக்கமும் நடையில் தள்ளாட்டமும், சித்திக்கு 36 வயதிலேயே மாதவிடாய் நின்றுபோனது, பேரனுக்குப் பேச்சு வராதது: மூன்றும் ஒரே மரபணுவின் வேலையாக இருக்கலாம்; முதல் இருவருக்கும் ப்ரீமியூட்டேஷன், பேரனுக்கு முழுப் பூட்டு. மூன்று பேரும் மூன்று வேறு டாக்டர்களிடம் போவதால் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

பரிசோதனைச் சீட்டில் 'எஃப்எம்ஆர்1 சிஜிஜி ரிப்பீட்' என்றே எழுத வேண்டும். ஊதா மூடி இடிடிஏ குழாயில் சில மில்லி ரத்தம் போதும். முதலில் டிபி-பிசிஆர் (சிஜிஜி அடுக்கைக் கண்டுபிடிக்கும் சோதனை), எண்ணிக்கை அதிகமாக இருந்தால் அடுக்கின் நீளத்தையும் பூட்டு விழுந்ததா என்பதையும் உறுதிசெய்ய சதர்ன் பிளாட் அல்லது மெத்திலேஷன் பரிசோதனை. நீண்ட முகம், பெரிய காது போன்ற அடையாளங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். அவை பல குழந்தைகளுக்குப் பருவ வயதை ஒட்டித்தான் தெளிவாகும். பெண் குழந்தைகளுக்கு இன்னொரு எக்ஸ் கைகொடுப்பதால் பாதிப்பு லேசாக இருக்கலாம். கணக்கு மட்டும் வராத, கூச்சம் மிகுந்த பெண் என்று விட்டுவிடுகிறார்கள்.

பூட்டைத் திறக்கும் மருந்து இன்னும் இல்லை. ஃபோலிக் அமிலம் குறைந்த வளர்ப்பூடகத்தில் குரோமோசோம் நுனி ஒடிந்ததுபோல் தெரிந்ததால்தான் இந்தப் பெயரே வந்தது. அதை வைத்து ஃபோலிக் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், பலன் நிரூபிக்கப்படவில்லை. பேச்சுப் பயிற்சியும் ஆக்குபேஷனல் தெரபியும் முடிவு வரும்வரை காத்திருக்காமல் தொடங்கலாம். காதில் அடிக்கடி சீழ் வைக்கும் பிள்ளைகள் இவர்கள், கேட்கும் திறனையும் பார்த்துவிடுங்கள். "என் கண்ணைப் பார்" என்று வற்புறுத்தினால் பதற்றம்தான் கூடும். பக்கத்தில் உட்கார்ந்து, படம் காட்டிச் சொல்லிக் கொடுங்கள்.

முடிவு பாசிட்டிவ் என்றால் அடுத்து தாயையும் அவருடைய சகோதரிகளையும் சோதிக்க வேண்டும், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே. கர்ப்பத்தில் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவில் எண்ணிக்கையைப் பார்க்கலாம். ஆனால் அந்தத் திசுவில் பூட்டு முழுமையாக விழுந்திருக்காது என்பதால் அங்கே மெத்திலேஷன் முடிவை நம்ப முடியாது. எண்ணிக்கை 200ஐ ஒட்டி வந்தால் 16 வாரத்துக்கு மேல் பனிக்குட நீரில் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.