எந்த ஹாப்கின்ஸ்?

அமெரிக்காவின் முதல் காப்புரிமை 1790 ஜூலை 31 அன்று சாமுவேல் ஹாப்கின்ஸ் என்பவருக்குக் கிடைத்தது. மரச்சாம்பலிலிருந்து பொட்டாஷ் எடுக்கும் புது முறை அது. சோப்பு, கண்ணாடி செய்ய அந்தக் காலத்தில் பொட்டாஷ் வேண்டும். தாளில் கையெழுத்துப் போட்டவர் ஜார்ஜ் வாஷிங்டன். ஆனால் எந்த ஹாப்கின்ஸ் என்பதில் நெடுங்காலம் குழப்பம். வெர்மான்ட் மாநிலத்தின் பிட்ஸ்ஃபோர்டு ஊரிலும் அதே பெயரில் ஒருவர் வாழ்ந்திருந்தார். அவர்தான் இவர் என்று அங்கே நினைவுப் பலகையே வைத்துவிட்டார்கள். உரியவர் பிலடெல்பியாவில் இருந்த வேறொரு ஹாப்கின்ஸ் என்று 1998இல் டேவிட் மேக்சி என்ற ஆய்வாளர் நிறுவினார். இத்தனைக்கும் காப்புரிமைத் தாளிலேயே 'பிலடெல்பியா நகரத்து' என்று ஊர் எழுதியிருக்கிறது!

இன்று இந்தத் துப்பறியும் வேலையைக் கணினி செய்கிறது. அமெரிக்கக் காப்புரிமையில் கண்டுபிடிப்பாளரின் பெயரும் ஊரும் இருக்கும். ஆளுக்கென்று தனி எண் கிடையாது. அதனால் ஒருவருடைய கண்டுபிடிப்பு இன்னொருவரின் தகுதிப் பட்டியலில் ஏறிவிடலாம். 1976 முதலான காப்புரிமைகளை ஆள்வாரியாகப் பிரிக்கும் வேலையை 'பேட்டன்ட்ஸ்வியூ' என்ற திட்டம் செய்துவருகிறது.

எல்லாப் பெயர்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால் கட்டுப்படியாகாது. பத்து லட்சம் பெயர்கள் என்றால் சுமார் 50,000 கோடி ஜோடிகள். எனவே முதலில் குடும்பப் பெயரும் சொந்தப் பெயரின் முதலெழுத்தும் ஒத்துப்போகிறவர்களை ஒரே அறையில் அடைப்பார்கள். ஒப்பீடு அந்த அறைக்குள் மட்டும். கூட்டாளிகள் யார், எந்த நிறுவனம், எந்த ஊர், எந்தத் துறை என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். அபூர்வமான பெயர் ஒத்துப்போனால் அதிக மதிப்பு, 'ஜான் ஸ்மித்' ஒத்துப்போனால் சொற்ப மதிப்பு. அப்புறம் மதிப்பெண் நெருங்கியவற்றைக் கொத்தாகக் கட்டுவார்கள். வேலை, ஊர், துறை மூன்றையும் ஒரே சமயத்தில் மாற்றிக்கொண்ட ஒருவர் இந்தக் கணக்கில் இரண்டு ஆளாகிவிடுவார்.

நம் பெயர்கள் இந்த அறை பிரிக்கும் இடத்திலேயே அடிபடுகின்றன. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். சுப்பிரமணியன் மகன் குமார் ஒரு விண்ணப்பத்தில் 'எஸ். குமார்', இன்னொன்றில் 'குமார் சுப்பிரமணியன்'. முதலாவது குமார் அறைக்குப் போகும், இரண்டாவது சுப்பிரமணியன் அறைக்கு. இரண்டும் சந்திக்கவே போவதில்லை; பிறகு ஒப்பீடு எவ்வளவு கூர்மையாக இருந்து என்ன பயன்? திருமணத்துக்குப் பிறகு பெயரை மாற்றிக்கொண்ட பெண்களுக்கும் இதே கதி. போதாக்குறைக்கு, அந்தச் சுப்பிரமணியன் அறையில் குமாரின் தம்பி கார்த்திக்கும் இருப்பார். அவர் 'கே. சுப்பிரமணியன்' என்று எழுதினால் அண்ணன் தம்பி இருவரும் ஒரே ஆளாகிவிடுகிற ஆபத்து உண்டு.

சரி, ஆளுக்கு ஓர் எண் கொடுத்துவிட்டால்? ஆய்வாளர்களுக்கு 2012 அக்டோபரில் வந்த 'ஆர்கிட்' அப்படிப்பட்டதுதான். 16 இலக்கம், கடைசி இலக்கம் சோதனைக்கு. முதல் 15 இலக்கங்களை வரிசையாக ஒவ்வொன்றாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் அதுவரை வந்த தொகையை இரட்டிக்க வேண்டும். இறுதித் தொகையை 11ஆல் வகுத்து, மீதியை 12இலிருந்து கழித்தால் கடைசி இலக்கம் கிடைக்கும். விடை 10 என்றால் 'எக்ஸ்' என்ற எழுத்து. 11, 12 வந்தால் 0, 1. ஓர் இலக்கம் தவறினாலோ, பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலோ கணக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் அது பிடிப்பது தட்டச்சுப் பிழையை மட்டும்தான். 0000-0002-1825-0097 என்ற எண்ணைப் போட்டுப் பாருங்கள். முன்னால் இருக்கும் பூஜ்யங்களை விட்டுவிட்டால் தொகை இப்படிப் போகும்: 4, 10, 36, 76, 162, 324, 648, 1314. மீதி 5, கழித்தால் 7; சரியாக வருகிறது. அந்த எண்ணுக்குரியவர் ஜோசையா கார்பெரி, பிரவுன் பல்கலைக்கழகத்தில் 1929 முதல் வேடிக்கைக்காக உலவவிட்டிருக்கும், விரிசல் விட்ட பானைகளை ஆராய்கிற, பிறக்கவே பிறக்காத பேராசிரியர்.