நிதி, நிக்ஷேபம், புதையல், வைப்பு: ஒரு பழைய பத்திரத்தின் வரி

பாலக்கோட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் கொல்லைக்குப் பாகப்பிரிவினை பேசியபோது பெட்டியிலிருந்து பழைய கிரயப் பத்திரத்தை எடுத்தோம். மடிப்பு மடிப்பாகக் கிழிந்த காகிதம். நான் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தேன். நான்கு எல்லையும் சொல்லி முடித்ததும் ‘நிதி நிக்ஷேப ஜல தரு பாஷாண சித்த சாத்தியங்கள் சகிதம்’ என்று ஒரு வரி வந்தது. அக்கா மகன் நிறுத்தினான். “மாமா, பாஷாணம்னா விஷம்தானே? கொல்லையோட விஷத்தையும் சேர்த்தா வித்தாங்க?”

வடமொழியில் பாஷாணம் என்றால் கல். சித்த மருத்துவத்தில் நச்சுத் தாதுக்களைப் பாஷாணம் என்று வழங்கியதால் நமக்கு விஷம் என்ற பொருள்தான் பழகிவிட்டது. ஜலம் தண்ணீர், தரு மரம். சித்தம் இப்போதே கையில் இருக்கும் பலன், சாத்தியம் இனிமேல் பாடுபட்டால் வரக்கூடியது. நிலத்தில் அனுபவிக்கக் கூடியவற்றை எட்டாக எண்ணி அஷ்டபோகம் என்பார்கள். எங்கள் பத்திரத்தை எழுதியவர் ஒன்றைக் குறைத்துவிட்டார் போலிருக்கிறது, ஏழுதான் வருகிறது.

எனக்குப் பிடித்தவை முதல் இரண்டும்தான். ‘நி’ என்றால் கீழே, ‘தா’ என்றால் வை. கீழே வைத்தது நிதி. நிக்ஷேபத்தில் ‘க்ஷிப்’ என்பது போடுதல், கீழே போட்டது. வேரைப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றேதான். வழக்கில்தான் பிரிந்தன. யார் வைத்தது என்று தெரியாமல் மண்ணுக்குள் கிடப்பது நிதி. தெரிந்த ஒருவர் பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்தது நிக்ஷேபம். தர்மசாஸ்திரங்களில் பிறரை நம்பி ஒப்படைத்த பொருளுக்கும் அதுதான் பெயர். தமிழில் சொல்வதானால் முன்னது புதையல், பின்னது வைப்பு.

புதையல் என்ற சொல்லில் தங்கமும் இல்லை, வைரமும் இல்லை. பொரித்தது பொரியல், அவித்தது அவியல், துவைத்தது துவையல். அதே கணக்கில் புதைத்தது புதையல். அவ்வளவுதான். ‘புதை’ என்பதற்கு மூடி மறைத்தல் என்ற பொருளும் உண்டு. பெரியவர் முன் வாய் புதைத்து நின்றான் என்று எழுதும்போது யாரும் மண்வெட்டியைத் தேடுவதில்லை.

சங்க காலத்தில் இதற்கு இன்னொரு வினையும் வருகிறது. அகநானூற்றின் 265ஆம் பாட்டில் மாமூலனார், பாடலியில், அதாவது பாடலிபுத்திரத்தில், நந்த மன்னர்கள் கங்கை நீரின் அடியில் மறைத்த செல்வத்தைக் ‘கரந்த நிதியம்’ என்கிறார். கரத்தல் என்றால் ஒளித்தல். நிதி என்ற சொல் அப்போதே தமிழுக்குள் வந்து, அம் விகுதியும் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அதனால் அதை இப்போது விரட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வைப்புக்குச் சாட்சி குறளில் இருக்கிறது. ‘அற்றார் அழிபசி தீர்த்தல் அஃதொருவன் பெற்றான் பொருள்வைப் புழி.’ பொருளைச் சேர்த்து வைக்கும் இடம் ஏழையின் வயிறு என்கிறார். நம்ம ஊர்க்காரர் பற்றிய பாட்டும் உண்டு. தகடூர், அதாவது இன்றைய தருமபுரி, ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் பரிசு இன்று வந்தாலும் நாளை வந்தாலும் கைக்கு வந்தது போலத்தான் என்று பாடும் ஔவையார், ‘யானைதன் கோட்டிடை வைத்த கவளம் போல’ என்கிறார் (புறநானூறு 101). கோடு என்றால் தந்தம். வைத்தது யார், தின்னப்போவது யார், இரண்டும் தெரியும். வைப்புக்கு இதைவிடத் தெளிவான படம் எனக்குத் தெரியாது. பல நூற்றாண்டு கழித்து வந்த இன்னொரு ஔவை, நல்வழியில் ‘பாடுபட்டுத் தேடிப் பணத்தைப் புதைத்து வைத்துக் கேடுகெட்ட மானிடரே’ என்று இரண்டு வினையையும் ஒரே மூச்சில் சேர்த்துத் திட்டுகிறார். வைத்தவன் செத்தால் வைப்பு புதையலாகிவிடுகிறது என்பதுதான் அங்கே சங்கதி.

மற்ற சொற்கள். கஜானா அரபியிலிருந்து வந்தது; அரசுக் கட்டடத்தில் இப்போது கருவூலம் என்று பலகை. பொக்கிஷத்தைப் பழைய தமிழில் பொக்கசம் என்று எழுதுவார்கள், கன்னடத்திலும் தெலுங்கிலும் அந்த உருவமே. பாதுகாத்து வைத்ததுதான் பொக்கிஷம், புதைத்தது அல்ல. ஓசூர்ப் பக்கம் தெலுங்கு பேசுகிறவர்களிடம் கேட்டால் ‘லங்கெ பிந்தெலு’ என்பார்கள். ஒன்றோடொன்று பிணைத்த குடங்கள். புதையல் என்றதும் குடம்தான் கண்ணில் வருகிறது, பாருங்கள்.

பதுக்கல் வேறு. அதில் அரிசியும் சர்க்கரையும்தான் இருக்கும், கூடவே குற்றமும் இருக்கும். ஆனால் சங்கப் பாட்டில் ‘பதுக்கை’ என்றால் வழியில் அம்புபட்டு இறந்தவர் மேல் குவித்த கற்குவியல். மூடி மறைப்பதால் இரண்டையும் ஒரே வினையில் வைத்துப் பார்க்கலாம் என்பது என் எண்ணம். கல்லைக் குவித்தும் அடுக்கியும் கட்டிய பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஏராளம். மல்லச்சந்திரத்துக் கல்திட்டைகளைப் போய்ப் பார்த்தால் தெரியும். இப்படிப்பட்ட இடங்களைத்தான் மை போட்டுப் பார்த்துவிட்டு ராத்திரியில் தோண்டுகிறார்கள். கிடைப்பது பானை ஓடும் துருப்பிடித்த இரும்பும். அதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022இல் அறிவித்தார்கள். குடம் தேடுகிறவனுக்கு அது வெறும் துரு.

சட்டத்துக்கு வருவோம். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், மண்ணிலோ மண்ணோடு சேர்ந்த ஒன்றிலோ ஒளிந்திருக்கும் மதிப்புள்ள எதையும் புதையல் என்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் போனால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். உரிமையாளர் இல்லாத புதையல் என்று அவர் முடிவு செய்து, கண்டெடுத்தவருக்கும் நிலக்காரருக்கும் தனி ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், எடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலக்காரருக்குக் கால். அரசே வேண்டும் என்றால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். ஆகவே பத்திரத்தில் நிதி உங்களுக்கே என்று எழுதியிருக்கிறதே என்று முழுசையும் அமுக்க முடியாது.

புதுப் பத்திரத்தில் அந்த வரி வேண்டுமா என்று எழுத்தர் கேட்டார். கிணறு, மரம், வண்டிப்பாதை போதும் என்றேன். அக்கா மகன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “மத்ததெல்லாம் போகட்டும் மாமா, பாஷாணத்தை விட்டுடாதீங்க. பக்கத்துல கிரானைட் குவாரி இருக்குது.”