தாது: மாட்டின் உடம்பில் உள்ள ‘மினரல்’

கால்நடை மருத்துவர் ‘மினரல் குறைவு’ என்கிறார். தீவனப் பையில் ‘தாது உப்பு’ என்று இருக்கிறது. பாடப்புத்தகத்தைத் திறந்தால் ‘கனிமம்’, இலங்கைப் பாடநூலில் ‘கனியுப்பு’. மேய்ச்சலில் வளரும் இறைச்சி மாட்டின் ஈரலில் செம்பு எவ்வளவு, எலும்பில் பாஸ்பரஸ் எவ்வளவு என்று எழுத உட்கார்ந்தால், இவற்றில் எதை எடுப்பது?

‘மினரல்’ இடைக்கால லத்தீன் வழி வந்த சொல். ‘மினேரா’ என்றால் சுரங்கம், அதில் வெட்டியெடுத்த கல். நம் ‘கனிமம்’ வந்த வழியும் அதுதான். இங்கே ‘கனி’ பழம் அல்ல, சுரங்கம், வடமொழியிலிருந்து வந்தது. பாறையைப் பற்றிப் பேச நல்ல சொல். உயிருள்ள உடம்புக்கு வரும்போது எனக்கு அது ஒட்டவில்லை.

‘தாது’வும் வடமொழிச் சொல்தான், ‘வைத்தல்’ என்னும் பொருளுள்ள வேரிலிருந்து பிறந்து, ஒன்றின் அடிப்படைக் கூறு என்றாகியது. தமிழில் அது பரந்து வாழ்கிறது. பூவின் மகரந்தமும் தாது, உலோகம் எடுக்கும் கல்லும் தாது. கலித்தொகையின் முல்லைப் பாட்டில் வரும் ‘தாதெரு மன்றம்’ சாணம் துகளாகி எருவாய்க் கிடக்கும் ஊர்ப் பொதுவெளி. சித்த மருத்துவத்திலோ சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் என உடலைக் கட்டும் ஏழும் தாதுக்கள். இன்று ‘திசு’ என்றும், இலங்கையில் ‘இழையம்’ என்றும் சொல்வதற்கு ஏறக்குறைய இதுதான் பழைய பெயர். அப்படியானால் ‘திசுவில் உள்ள மினரல்’ பழைய வழக்கில் ‘தாதுவில் உள்ள தாது’ ஆகிவிடும்! குழப்பம்தான், ஆனால் எனக்குப் பிடித்த குழப்பம்.

சரி, ‘தாது உப்பு’? தீவனத்தில் கலப்பதற்கும் நக்கக் கொடுக்கும் கட்டிக்கும் இது பொருத்தமான பெயர். அதில் இருப்பவை பெரும்பாலும் செம்பு சல்பேட், துத்தநாக சல்பேட் மாதிரி உப்புகளே. உடம்புக்குள் போன பிறகு கதை வேறு. இரும்பு ஹீமோகுளோபினில் உட்கார்ந்துகொள்கிறது, கோபால்ட் வைட்டமின் பி12-இல், அயோடின் தைராய்டு ஹார்மோனில். செம்பு புரதங்களைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே வாயில் போடுவது தாது உப்பு, உடம்பில் இருப்பது தாது என்று பிரித்து எழுதலாம்.

அப்புறம், ‘அளவு’ என்ற சொல். இங்கேதான் எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ரத்தப் பரிசோதனையில் செம்பு சரியாக இருக்கிறது என்று அறிக்கை வரும், ஈரலோ காலியாகிக்கொண்டிருக்கும். உலர் எடையில் கிலோவுக்கு 125 மில்லிகிராமுக்கு மேல் ஈரலில் செம்பு இருந்தால் போதுமானது என்பது பொதுவான கணக்கு. அது 40-க்குக் கீழே இறங்கிய பிறகுதான் ரத்தத்தில் குறை தெளிவாகத் தெரியும். அதுவரை ஈரல் தன்னிடமுள்ளதைக் கொடுத்து ரத்தத்தைச் சமாளிக்கும். அதனால்தான் விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி செலுத்தி ஈரல் துணுக்கு எடுத்துப் பார்க்கிறார்கள். ரத்தத்தில் ஓடுவதை ‘அளவு’ என்றும் ஈரலில் சேர்ந்திருப்பதை ‘இருப்பு’ என்றும் எழுதினால் வாசிப்பவருக்கு உடனே புரியும். கையில் புழங்குவது வேறு, இருப்பு வேறு என்பது யாருக்கும் தெரிந்ததுதானே.

கடைசியாக ‘குறைவு’. புல்லிலேயே செம்பு இல்லாமல் போவது ஒரு வகை. புல்லில் செம்பு இருந்தும் மாலிப்டினமும் கந்தகமும் கூடுதலாக இருந்தால், முதல் இரைப்பையிலேயே மூன்றும் பிணைந்து செம்பு உடம்பில் சேராமல் போவது இன்னொரு வகை. இரண்டிலும் கறுப்பு மாட்டின் முடி துருநிறம் ஏறி வெளிறும். முதல் வகையைக் ‘குறைவு’ என்றே விடலாம். இரண்டாவதற்குப் ‘பற்றாக்குறை’ அழகாகப் பொருந்தும். ‘பற்று’ என்றால் ஒட்டிப் பிடித்தல். தின்றும் உடம்பில் பற்றாமல் போன செம்பு அது.