கடைமடையில் வேகமெடுக்கும் கேஸ்

மேலப்பாளையத்திலிருந்து ஒரு பிளஸ் டூ மாணவர் கேட்டிருக்கிறார்: “சார், டெக்சாஸிலிருந்து எல்லை தாண்டி மெக்சிகோவுக்குப் போகிற இயற்கை எரிவாயுக் குழாய்களின் கொள்ளளவைக் கூட்டுகிறார்கள் என்று படித்தேன். அதற்கு ஏன் இத்தனை செலவு? வால்வை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டால் போதாதா?”

வால்வு ஏற்கெனவே முழுசாகத் திறந்துதான் இருக்கும், தம்பி. மடையைத் திறந்துவிட்டால் தண்ணீர் பள்ளம் பார்த்து ஓடும் என்று பழகிய தாமிரபரணிக் கண்ணுக்குக் கேஸ் கொஞ்சம் விநோதமான பிராணி.

தெரிந்ததை வேகமாகக் கடந்துவிடுவோம். இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன். ஒரு முனையில் அழுத்தம் அதிகம், மறுமுனையில் குறைவு. அந்த வித்தியாசம்தான் அதைத் தள்ளுகிறது. குழாய்ச் சுவரில் உராய்ந்து உராய்ந்து போகிற வழியெல்லாம் அழுத்தம் குறையும். இதுவரை தண்ணீருக்கும் கேஸுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். தண்ணீரை அமுக்க முடியாது, கேஸை அமுக்கலாம். 80 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) அழுத்தத்தில் நுழைந்த கேஸ் 40 பாரில் வெளியே வருகிறது என்று வையுங்கள். அழுத்தம் பாதியானால் கேஸ் ஏறக்குறைய இரண்டு மடங்கு இடத்தை அடைக்கும். ஆனால் குழாயின் அகலம் அதேதான்; நொடிக்கு எத்தனை கிலோ உள்ளே போகிறதோ அத்தனை கிலோ வெளியே வந்தாக வேண்டும். அதனால் அது இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகிறது! பாளையங்கால்வாயில் தண்ணீர் கடைமடைக்கு வரும்போது தளர்ந்துபோய் வரும். கேஸ் கடைமடையில்தான் தலைதெறிக்க ஓடும்.

வேகம் கூடினால் உராய்வும் கூடும். ஆகவே பாதித் தூரத்தில் அழுத்தம் 60 பார் இருக்கும் என்று நினைத்தால் தப்பு; சுமார் 63 இருக்கும். முதல் பாதியில் 17 பார் போகிறது, இரண்டாம் பாதியில் 23. கணக்கு அழுத்தத்தில் இல்லை, அழுத்தத்தின் வர்க்கத்தில் இருக்கிறது. ஓட்டத்தின் (நொடிக்கு எத்தனை கிலோ போகிறது என்பதன்) வர்க்கம், இரு முனை அழுத்தங்களின் வர்க்க வித்தியாசத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். 80-ன் வர்க்கம் 6400, 40-ன் வர்க்கம் 1600, வித்தியாசம் 4800. நுழைவில் வெறும் 10 பார் கூட்டி 90 ஆக்கினால் வித்தியாசம் 6500. ஓட்டம் 16 சதவீதம் ஏறுகிறது. அதற்குப் பதிலாக மெக்சிகோக்காரர் தன் முனையில் அழுத்தத்தைச் சுழியம் வரை உறிஞ்சி எடுத்தாலும் (நடக்காது, சும்மா கணக்குக்கு) 15 சதவீதம்தான் கிடைக்கும். இழுப்பதைவிடத் தள்ளுவதே லாபம். இந்தக் கணக்கைக் கல்லூரியில் முதன்முதலாகப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. நான் படித்த ஆய்வகத்தில் குழாயில் தண்ணீரை மட்டும்தான் ஓடவிட்டார்கள். நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதம்கூட இல்லை என்னும்போது, வேறு என்னத்தை ஓடவிடுவார்கள்?

சரி, தள்ளுவது யார்? கம்ப்ரசர் நிலையம். நீண்ட குழாய்களில் நூறு கிலோமீட்டர் சுமாருக்கு ஒன்று இருக்கும். களைத்து வரும் கேஸை அமுக்கி மறுபடி அனுப்பும். சைக்கிள் பம்ப் அடித்தால் அடிப்பகுதி சுடுமில்லையா, அதேபோல் இங்கேயும் கேஸ் சூடாகும். பெரிய விசிறிகளை வைத்து ஆறவைத்துத்தான் உள்ளே விடுவார்கள். பல இடங்களில் கம்ப்ரசரை ஓட்டும் டர்பைனுக்கு எரிபொருளும் அதே குழாயின் கேஸ்தான். நம்மூரில் புது மோட்டாருக்கு எலுமிச்சம்பழம் கட்டுவோம். கட்டட்டும், ஆனால் பிரஷர் குறைந்தால் கண்ணேறு என்று உட்கார்ந்துவிடாமல் உறிஞ்சுகுழாயின் அடியிலுள்ள ஃபுட்வால்வையும் கழற்றிப் பார்க்க வேண்டும்.

ஆக, கொள்ளளவைக் கூட்ட நிலையங்களில் குதிரைத்திறனை ஏற்றலாம். குழாயின் உலோகம் தாங்கும் வரைதான் அது. அப்புறம் பக்கத்திலேயே இன்னொரு குழாய் போட வேண்டும். அதையும் முழு நீளத்துக்குப் போட வேண்டியதில்லை. பாதித் தூரத்துக்கு மட்டும் அதே அளவு குழாயை இணையாகப் போட்டாலே ஓட்டம் சுமார் 26 சதவீதம் கூடும். புதிதாகப் போடுவதென்றால் விட்டத்தில் கஞ்சத்தனம் கூடாது. விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் கேஸ் ஐந்தரை மடங்குக்கு மேல் போகும்.

எல்லை என்று வந்தால் இதில் அரசியலும் சேர்ந்துகொள்ளும். அமெரிக்காவில் எல்லையைக் கடக்கும் அந்தச் சின்னத் துண்டுக்கு மட்டும் ‘ஜனாதிபதி அனுமதி’ என்று தனியாக ஒன்று வாங்க வேண்டும். கம்ப்ரசரோ எல்லையிலிருந்து எங்கோ தள்ளி நிற்கலாம். நம் பக்கம் துர்க்மெனிஸ்தானிலிருந்து ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாகப் பஞ்சாபின் ஃபாசில்கா வரை சுமார் 1,800 கிலோமீட்டர் குழாய்க்கு 2015-ல் வேலை தொடங்கினார்கள். கேஸ் இன்னும் நமக்கு வந்தபாடில்லை. எல்லை தாண்டி வரும் குழாய் இல்லாததால், வெளிநாட்டுக் கேஸை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைத்து, அறுநூறில் ஒரு பங்காகச் சுருக்கிக் கப்பலில்தான் கொண்டுவருகிறோம். எண்ணூரில் வந்து இறங்குவது அதுதான். 2021-ல் திறந்த ராமநாதபுரம்–தூத்துக்குடிக் குழாயின் 143 கிலோமீட்டரிலும் இதே வர்க்கக் கணக்குதான் நடக்கிறது.

நடுவழியில் கம்ப்ரசரே வைக்க முடியாத இடமும் உண்டு: கடலடி. ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்குப் பால்டிக் கடலுக்கு அடியில் போட்ட நார்ட் ஸ்ட்ரீம் குழாயின் நீளம் 1,224 கிலோமீட்டர். ரஷ்யக் கரையில் 220 பார் வரை கொடுத்த ஒரே தள்ளுதான். போகப்போக அழுத்தம் குறையும் என்று தெரிந்து, உள்விட்டத்தை மாற்றாமல் குழாய்ச் சுவரை மட்டும் கட்டம் கட்டமாக மெலிதாக்கிக்கொண்டே போனார்கள். ரஷ்ய முனைப் பக்கம் சுமார் 35 மில்லிமீட்டர், ஜெர்மனிப் பக்கம் சுமார் 27. 2022 செப்டம்பரில் அதைக் குண்டு வைத்து உடைத்துவிட்டார்கள்.